தொந்தரவு இல்லாத பருந்து

என் வீட்டுக்காரருக்குப் பறவை என்றால் உயிர். அதுவும் சும்மா உட்கார்ந்திருக்கிற பறவை கணக்கில் வராது, பறக்க வேண்டும். கிளையில் இருப்பதை எவன் வேண்டுமானாலும் படம் எடுப்பான், பறக்கிறதை எடுக்கிறவன்தான் ஆம்பளை என்பது அவர் கட்சி. இருக்கிறதை விட்டுவிட்டுப் பறக்கிறதுக்கு ஆசைப்படாதே என்று பெரியவர்கள் சொன்னது இவரை மனதில் வைத்துத்தானோ என்னவோ. சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசை முழுக்க லென்சு, அதைத் துடைக்கிற துணி, லேப்டாப். நானும் மகளும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவோம். அவர் அன்றைக்கு எடுத்ததையெல்லாம் திறந்து வைத்து வெட்டுவார். அவர் பாஷையில் 'கிராப்'. அதற்கு ஒரு சாஸ்திரமே உண்டு: பறவை போகிற பக்கம் வெட்டவெளி விட வேண்டும், வந்த பக்கத்தை ஒட்ட நறுக்க வேண்டும். "பாக்கிறவன் கண்ணு வேற எங்கயும் அலையக் கூடாது" என்பார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அவர் கண் அலையாது. அந்த மட்டில் நேர்மையானவர்.

மகள் நீளம் தாண்டுகிறவள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அதுதான் கடைசிப் போட்டி. வாழ்நாளில் அப்பாவிடம் எதையும் கேட்டு நச்சரிக்காத பெண், அதற்கு முந்தின நாள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, ஒரே ஒரு படம் எடுத்துத் தாங்க. தாண்டும்போது நான் எப்படி இருக்கேன்னு நான் பாத்ததே இல்லப்பா."

அந்தரத்தில் இருப்பதை எடுப்பதுதானே ஐயாவின் பெருமை. "இதென்ன பிரமாதம். பருந்தையே விடாம தொரத்துறவன், உன்னை விட்டுடுவேனா?" என்றார். படத்தில் தெரியுமே என்று அவள் காலணியைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கினாள்.

எனக்கு லீவு கிடைக்கவில்லை. பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்து ஆளைக் கூப்பிடுவது என் வேலை. கன்னம் வீங்கி உட்கார்ந்திருப்பவர்களிடம் என் மகள் தாண்டுகிறாள் என்று சொல்லிவிட்டுப் போக முடியுமா? படத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் வந்தவள் முதல் பரிசுக் கோப்பையை லென்சுகளுக்கு நடுவில் இடம் பார்த்து வைத்தாள். "படம் எங்க?" என்றேன். இவர் உதட்டைப் பிதுக்கினார்.

"அவ தாண்டுற நேரம் பாத்து ஃபோகஸ் போயிடுச்சு. விடு, அடுத்த தடவை பாத்துக்கலாம்."

அடுத்த தடவை ஏது? மகள் உள்ளே போய்க் காலணியைக் கழற்றினாள்.

கொஞ்ச நாளில் பறவைப் படக்காரர்கள் சங்கத்தில் இவரைப் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு, 'வெட்டத் தெரிந்தவனே கலைஞன்'. நூலகத்து மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள், பாக்கெட்டுக்கு மேல் பாக்கெட் வைத்த சட்டைகளில் சங்கத்தார். குடும்பத்தோடு வரச் சொன்னார்களாம். நானும் மகளும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் ஒரு பருந்து, சிறகை விரித்தபடி, முன்னால் வானம் தாராளமாக. எல்லோரும் கை தட்டினார்கள்.

"இது கிராப் பண்ணினது. பண்றதுக்கு முன்னாடி என்ன லட்சணத்துல இருந்துச்சுன்னு பாருங்க" என்று இவர் பொத்தானை அமுக்கினார்.

பருந்து சிறுத்து, மேலே நடுவுக்குப் போனது. இடது பக்கம் கீழே, மணல் குழிக்கு மேல், ஒரு பெண் அந்தரத்தில் நின்றாள். இரண்டு கையும் முன்னால் நீண்டு, முழங்கால் மடங்கி, பின்னல் தலைக்கு மேலே எகிறி. காலணி பளபளத்தது. பருந்துதான் கொஞ்சம் மங்கல். அவள் துல்லியமாக இருந்தாள்.

மகள் என் கையை இறுகப் பிடித்தாள்.

"இந்த மூலையைப் பாருங்க." சிவப்பு லேசர் புள்ளியால் அவள் முகத்தைச் சுற்றி வட்டம் போட்டார். "கண்ணை இழுக்குது. பெரிய தொந்தரவு. பருந்து அந்தப் பக்கம் போகுது, இதுக்கு இங்க என்ன வேலை? இரக்கமே பாக்காம வெட்டணும்."

முன்வரிசையில் ஒருவர் இதைக் குறித்துக்கொண்டார்.

"சார், அது யாரு?" என்று இருட்டில் ஒரு குரல் கேட்டது. என் பக்கத்து நாற்காலியிலிருந்துதான்.

"யாரோ ஒரு பொண்ணுங்க" என்றார் இவர், திரையைப் பார்த்தபடியே. "யாரா இருந்தா நமக்கென்ன?"

பெற்ற பிள்ளையின் முகமும் தெரியவில்லை, குரலும் தெரியவில்லை. இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். நாலு கேள்வி நறுக்கென்று கேட்க எழுந்தேன். அவள் என்னை இழுத்து உட்கார வைத்தாள்.

"இரும்மா. எவ்வளவு உயரத்துல இருக்கேன் பாரு."

பார்த்தேன். கண்ணீர் திரண்டு படத்தை மறைத்தது, துடைத்துவிட்டுப் பார்த்தேன். அதற்குள் பாவி மனுஷன் பொத்தானை அமுக்கிவிட்டார். மறுபடியும் பருந்து மட்டும்.

கூட்டம் முடிந்ததும் வாயெல்லாம் பல்லாக வந்தார். "எப்படி இருந்துச்சு நம்ம பேச்சு?"

"அந்தப் பருந்துப் படத்தை எனக்கு அனுப்புங்கப்பா" என்றாள் மகள்.

"வெட்டினதுதானே?"

"வெட்டாதது. பருந்தை நான் வெட்டிக்கிறேன்."

பதறிப்போனார். "ஏம்மா, பருந்தை எடுத்துட்டா அப்புறம் அந்தப் படத்துல என்ன இருக்கு?"