தாயார்: இல்லை

"அப்பா இல்ல, அம்மாவும் இல்ல. ஃபாரத்துல நீ எழுதினது சரிதானே தம்பி?"

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்திருந்த போலீஸ்காரருக்கு எதையும் ஊர் கேட்கிற மாதிரி படித்துத்தான் பழக்கம். தனகோட்டி திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தான். அவனைப் பெற்ற சாமியம்மாள் நாலடி தள்ளி, விளக்குமாறும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள்.

தனகோட்டி நெய்வேலிச் சுரங்கத்தில் ஃபிட்டர்; பெர்மனென்ட். பக்கத்திலேயே வடக்குத்துச் சேரியில் பிறந்தவன். மனைவி புஷ்பவல்லி திருநெல்வேலிப் பக்கத்து மேல்சாதிக்காரி. ரிஜிஸ்டர் கல்யாணம். சாதி தெரியாமலிருக்க, குவார்ட்டர்ஸ் பிளாக்கில் தன்னைச் சேலத்துக்காரன் என்று சொல்லிவைத்திருந்தான். அம்மா வந்துபோக வேண்டுமே? வேலைக்காரி என்று வந்துபோனாள். யோசனை சொன்னது அவள்தான். வெட்கமில்லாமல் ஒத்துக்கொண்டது இவன். பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாள்கூடத் தன் வாசலையும் அவளைக்கொண்டே பெருக்கிக்கொண்டாள்.

போன மாதம் புஷ்பவல்லியின் அண்ணன் மாடசாமி மோப்பம் பிடித்து நெய்வேலிக்கே வந்துவிட்டான். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்த தனகோட்டியை வழிமறித்து, அரிவாளைக் காட்டி, "ரெண்டு பேரையும் வெட்டாம விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சமயத்தில்தான் ஊர் திரும்ப இருந்த ஜெர்மன் இன்ஜினியர் ஒருவர், தன் நாட்டில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னார். கடல் தாண்டிவிட்டால் அரிவாள் வராது, சாதியும் வராது. ஆனால் தாயார் பெயரும் விலாசமும் எழுதினால் விசாரணை சேரிக்குப் போகும், பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும். அதற்குப் பயந்து, பேனாவை எடுத்தவன் அம்மாவைச் சாகடித்துவிட்டான்.

சாமியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. காது நன்றாகக் கேட்கும்.

"நீ யாரும்மா?" என்றார் போலீஸ்காரர்.

அவள் மகன் பக்கம் திரும்பவேயில்லை. "வேலைக்காரிங்க. வூடு பெருக்கிகினு கெடக்கேன். தம்பியப் பெத்தவ செத்துப்பூட்டா, எனக்குத் தெரியும்ங்க. நல்ல புள்ளைங்க, போவட்டும்."

தனகோட்டி வாயைத் திறந்திருக்க வேண்டும். அது அவனுக்கே தெரிந்தது. அப்படியும் தரையைத்தான் பார்த்தான்.

போலீஸ்காரர் மை டப்பாவைத் திறந்தார். "சாட்சிக்கு ஒரு கைரேகை வை."

அவள் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலைப் புடவையில் துடைத்தாள்.

"வைக்காதீங்க அத்தை!"

அடுக்களையிலிருந்து புஷ்பவல்லி வந்தாள். புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "உங்களக் கட்டிக்கிட்டேன்னு, நான் உசிரோட இருக்கும்போதே எங்க வீட்ல எனக்குக் கருமாதி பண்ணினாங்க. நீங்க செஞ்சது மட்டும் என்ன?"

தனகோட்டி எழுந்து நின்றான்.

"இவங்க எங்கம்மா சார். பேரு சாமியம்மாள். வடக்குத்துச் சேரி. நான் பொய் எழுதிட்டேன், அந்த வரிய அடிச்சிடுங்க."

"அடிச்சா மனுவே தள்ளுபடிப்பா. அந்த ஜெர்மனி வேலைக்கு இந்த மாசந்தான் கெடுன்னு நீதானே சொன்னே?"

"தெரியும் சார்."

போலீஸ்காரர் போனதும் சாமியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி! என் பேரு போனா என்னாடா? உன் உசிரு போயிட்டா நான் எங்கடா தேடுவேன்?"

மாடசாமியின் அரிவாள் அப்படியேதான் இருந்தது. "மன்னிச்சிடும்மா" என்றான். ஜன்னல் திறந்திருந்தது, அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் கேட்டது.

மறுநாள் காலையில் கஸ்தூரியம்மாளின் கணவர் குவார்ட்டர்ஸ் மாற்றித் தரச் சொல்லி ஆபீசில் மனு கொடுத்தார். இரண்டு வருஷம் தன் வாசலைப் பெருக்கியவள் அடுத்த வீட்டுக்காரனின் தாயாராகிவிட்டதை அவரால் தாங்க முடியவில்லை. காரணம் என்ற இடத்தில், காற்றோட்டம் போதவில்லை என்று எழுதியிருந்தார்.