ஒரே பட்டா, தனித்தனி அடுப்பு

ஜமுனாமரத்தூர் தேன் சங்கக் கட்டடத்தில் அன்று கூடியவர்கள்: தலைவர் சக்கரவர்த்தி, மேசைக்குப் பின்னால், மின்விசிறிக்கு நேர் கீழே. கீழ்க்கொல்லை மகளிர் குழுவின் ஈஸ்வரி, சன்னலோரப் பெஞ்சில், எழுந்து போகத் தயாரானவள்போல நுனியில். பாறைமேட்டு முனியன், நாற்காலி காலியாக இருந்தும் ஒரு தேன் கேன்மீது. பெங்களூர் அலுவலகத்திலிருந்து வந்த கோகிலவாணி, எல்லோருக்கும் எதிரில், மடிக்கணினியை மூடி வைத்துக்கொண்டு. சங்கச் செயலாளரான நான், பீரோவை ஒட்டிய ஸ்டூலில்.

கூடிய காரணம் இது. வெளிநாட்டில் ஒரு பெரிய குழுமம். கைப்பை, கைக்கடிகாரம், வாசனைத் திரவியம் என்று விலையுயர்ந்த பொருள்களுக்குப் பேர்போன கம்பெனிகள் பல அதன் கையில். அவற்றில் ஒன்றான முகப்பூச்சுக் கம்பெனி எங்கள் நாவல்பூத் தேன் முழுவதையும் வாங்கிக்கொள்வதாகவும், வேறு யாருக்கும் அதைத் தரக்கூடாதென்றும் ஒப்பந்தம் போட்டிருந்தது. பிறகு ஒரு சாக்லேட் கம்பெனி மாதிரி கேட்டு எழுதியது. கடிதத்தின் அடியில் அதே குழுமத்தின் பெயர். அண்ணனுக்கு வாக்குக் கொடுத்ததைத் தம்பி கேட்டால் மறுப்பார்களா என்று சங்கமே கூடிப் பேசி, அதே தேனை அனுப்பிவைத்தோம். ‘உங்கள் முகப்பூச்சுக்காரர்களுக்குத் தருவதும் இதுவே’ என்று பெருமையாக ஒரு வரியும் சேர்த்தோம். அந்த வரி முகப்பூச்சுக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த பருவத்துக்கான ஆர்டரை ரத்து செய்யப்போவதாகப் பதில் வந்துவிட்டது. அதைப் பற்றிப் பேசத்தான் குழுமத்தின் பெங்களூர் அலுவலகம் கோகிலவாணியை அனுப்பியிருந்தது.

ஈஸ்வரிக்கு இது சாதாரணச் செய்தியல்ல. இந்த ஆர்டரை நம்பித்தான் அவள் கீழ்க்கொல்லைப் பெண்களைத் தேனீப் பெட்டி வைக்கச் சொல்லியிருந்தாள். இல்லாவிட்டால் அவர்கள் எல்லோரும் வழக்கம்போலக் காபி எஸ்டேட்டுக்குப் போயிருப்பார்கள். எஸ்டேட்டுக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி மறுபடி ஊருக்குள் வந்து பெயர் கேட்கத் தொடங்கியிருந்தான்.

“மொதலாளி ஒருத்தர்தானேம்மா?” என்றார் சக்கரவர்த்தி. “வேத்தாளுக்கா குடுத்தோம்?”

“ஒருத்தர்தாங்க,” என்றாள் கோகிலவாணி. திருப்பத்தூர்ப் பெண். படிப்பு பேச்சை முழுதாக மாற்றவில்லை. “ஆனா ஒரு கம்பெனி அடுத்த வருசம் இன்னா கொண்டாரப் போகுதுன்னு இன்னொண்ணுக்குத் தெரியாது. ஒரே தெருவுல எதிரெதிர்க் கடை போட்டுப் போட்டி போடுவாங்க. மேல இருக்கிறவங்க கடை வாடகை பேசுவாங்க, பேங்க் பாப்பாங்க, வெளம்பரத்துக்கு மொத்தமா வெல பேசுவாங்க. செய்முறையில கை வெக்க மாட்டாங்க, பேரைக் கலக்க மாட்டாங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு வாங்கறவங்க நெனச்சிட்டா, அந்த வெல யாரு குடுப்பா?”

முனியன் கேன்மீது நகர்ந்து உட்கார்ந்தான். “இதுக்கா அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தீங்க? எங்க வூட்லயும் அதே கதைதான். ஒரே பட்டா, தனித்தனி அடுப்பு. அண்ணி கொழம்புல இன்னா போட்டாங்கன்னு எம் பொண்டாட்டிக்குத் தெரியாது. தெரியாமலே நல்லால்லம்பா.”

கோகிலவாணி சிரித்துவிட்டாள். “அதேதாங்க. நீங்க அண்ணிக்குன்னு வெச்ச சட்டிய எடுத்து அடுத்த அடுப்புக்குக் குடுத்துட்டீங்க.”

ஈஸ்வரி சிரிக்கவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டாள்.

“அப்போ நாம மட்டும் ஏன் எல்லாத்தையும் ஒரே டிரம்ல ஊத்தறோம்?”

எல்லாக் குக்கிராமத்துத் தேனும் இங்கே வந்ததும் ஒரே டிரம்மில் கலப்பதுதான் சங்கம் தொடங்கிய நாள்முதல் வழக்கம். யாருக்கும் ஏற்றத்தாழ்வு வேண்டாமென்று சக்கரவர்த்தியே கொண்டுவந்த ஏற்பாடு.

“ஓடையோரம் எங்க பொட்டிங்க இருக்குது. அது நாவப்பூத் தேனு,” என்றாள் ஈஸ்வரி. “முனியண்ணன் ஊர்ல கடுக்கா மரந்தான். ஒப்பந்தம் நாவப்பூத் தேனுக்குத்தான். ஆனா இங்க வந்து எல்லாம் கலந்துடுது. பிரிச்சு வெச்சா எங்களுது முகப்பூச்சுக்கே போவட்டும். அவங்களுது சாக்லேட்டுக்குக் கேட்டுப் பாப்போம்.”

“எங்களுது துவர்க்குமேம்மா,” என்றான் முனியன்.

“ஊர்க்காரங்களப் போலவே,” என்றார் சக்கரவர்த்தி. ஆனால் அவர் முகத்தில் கவலை தெரிந்தது. “பிரிச்சா ஒரு ஊருது விக்கும், ஒரு ஊருது நிக்கும். அப்புறம் எங்கிட்ட வந்து சண்ட போடக்கூடாது.”

“நின்னா அந்த வருசம் சங்கம் தாங்கட்டும்,” என்றாள் ஈஸ்வரி. “லாரி, பரிசோதனை, பேங்க் எல்லாம் பொதுவாவே இருக்கட்டும். டிரம்மு மட்டும் வேணாம்.”

கோகிலவாணி அவள் பக்கம் திரும்பினாள். “எங்க குழுமத்துலயும் ஒரு கம்பெனி படுத்தா மத்தது தாங்கும். அதுக்குத்தான் ஒண்ணா இருக்கறதே.”

முனியன் அன்று கொண்டுவந்திருந்த கேனைத் திறந்து, பாறைமேட்டுத் தேனை ஒரு கரண்டியில் ஊற்றிக் கொடுத்தோம். கோகிலவாணி நக்கிப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். சாக்லேட்டுக்கு இந்தத் துவர்ப்பு பொருந்துமா என்று சொல்வது தன் வேலை இல்லை, அவர்களே ருசி பார்க்கட்டும் என்றாள். பிறகு வெளியே போய் முகப்பூச்சுக் கம்பெனியோடு நெடுநேரம் போனில் பேசிவிட்டு வந்தாள்.

“ரத்து உத்தரவை நிறுத்தி வெச்சிருக்காங்க. நடந்தது இன்னா, இனிமே எப்படிப் பிரிக்கப் போறீங்க, ரெண்டும் எழுத்துல வேணுமாம். கையெழுத்து போட்ட தாள்தான் வேணும். அது போய்ச் சேர்ந்து, பிரிச்ச தேனும் சரியா இருந்தா, ஆர்டர் தொடரும்னு சொல்றாங்க.”

ஈஸ்வரி பெஞ்சின் நுனியிலிருந்து நகர்ந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அப்போதே எழுத உட்கார்ந்தேன். நடந்ததை நடந்தபடி முதலில். கீழ்க்கொல்லைக்குத் தனி வடிகட்டி, தனி கேன், தனி முத்திரை என்பது அடுத்து. தேனைப் பிரித்து வைக்கும் பொறுப்பு ஈஸ்வரியுடையது என்பது கடைசியில். சாக்லேட் கம்பெனிக்கு ஒரு வரியைக் கீழே சேர்த்து ஒரே உறையில் அனுப்பினால் தபால் செலவு மிச்சமாகுமே என்றார் சக்கரவர்த்தி. மூன்று பேர் ஒரே நேரத்தில் “வேணாங்க” என்றார்கள். அதற்கு வேறு தாள், வேறு நாள் என்று முடிவாயிற்று.

வரைவை வாசித்துக் காட்டினேன். ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்ற இடத்தில் ஈஸ்வரி நிறுத்தினாள். “அதும்பாட்டுக்கு நேரலங்க. நாம செஞ்சோம். அப்படியே எழுதுங்க.”

மாற்றி எழுதினேன். சக்கரவர்த்திக்குக் கீழே அவளும் கையெழுத்திட்டாள். அதற்குள் வெளியே யாரோ அவளை அழைத்தார்கள். மேஸ்திரி வந்திருக்கிறான், கீழ்க்கொல்லையில் எத்தனை பேர் என்று கேட்கிறான்.

“இந்த வருசம் யாரும் இல்லன்னு சொல்லு,” என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

தாளை மூன்றாக மடித்து உறையில் இட்டேன். பசை தடவி ஒட்டி, ஓரங்களை விரலால் அழுத்தி, முகவரியை இன்னொரு முறை சரிபார்த்தேன். நானும் ஈஸ்வரியும் தபால் அலுவலகத்துக்கு நடந்தோம். அங்கிருந்தவர் எடை போட்டு, முத்திரை குத்தி, திருப்பத்தூர் பஸ்ஸில் போகும் பைக்குள் அதைப் போட்டு வாயைக் கட்டினார்.