ஒரு குதிரை, இரண்டு கொள்ளையர்கள்

கமலக்கண்ணன் ஆரணியில் பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர். ஐம்பத்து நான்கு வயதில் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று காலைகள், டயாலிசிஸ் அறையில் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டியதாயிற்று. இடது கையில் ஊசி குத்தியிருக்கும். வலது கையில் போனைப் பிடித்துக்கொண்டு அவர் பார்ப்பது எப்போதும் ஒரே படம்தான்.

குதிரை, தொப்பி, துப்பாக்கி என்று வருகிற பழைய ஆங்கிலப் படம். ரயில் கொள்ளையர்கள் இருவர், கூட்டாளிகள். பத்தொன்பது வயதில் ஆரணித் தியேட்டரில் காலைக் காட்சியாக வந்தபோது, ஒரு வாரம் தொடர்ந்து போய்ப் பார்த்தவர். வசனம் அன்றைக்குப் பாதி புரியவில்லை. ஆனால் அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிற பார்வை புரிந்தது. அதன்பிறகு எத்தனையோ படம் பார்த்தாயிற்று. எதுவும் அதற்கு ஈடாகவில்லை. மகள் ஜெயப்ரியா அதைத் தேடிப் பிடித்துப் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தாள்.

பக்கத்துப் படுக்கைக்குப் புதிதாக வந்தவள் அம்மணி. தெள்ளாருக்குப் பக்கத்துக் கிராமம். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். ஐம்பதை நெருங்கும் வயது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, இரண்டு பஸ் மாறி வருவாள். முதல் வாரம் முழுக்க மோட்டுவளையைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். இரண்டாம் வாரம், கமலக்கண்ணன் தனக்குத்தானே சிரிப்பதைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னாண்ணா, அப்டி சிரிச்சிகினு இருக்கீங்க? எனக்குந்தான் காட்டுங்களேன்."

அவர் போனைத் திருப்பிக் காட்டினார். இயர்போன் வயர் எட்டவில்லை. டயாலிசிஸ் பார்க்கும் ராதிகா சிஸ்டர் இரண்டு கட்டில்களையும் ஒரு முழம் நெருக்கிப் போட்டு, நடுவில் ஒரு ஸ்டூல் வைத்தாள். ஆளுக்கு ஒரு காது. கமலக்கண்ணன் படத்தை முதலிலிருந்து போட்டார். ஆங்கிலம் தெரியாத அம்மணிக்கு ஒவ்வொரு வசனத்தையும் மெல்லிய குரலில் ஆரணித் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். படம் பார்ப்பதைவிட அப்படிச் சொல்வது அவருக்குப் பிடித்துப்போனது.

அம்மணி கொள்ளையர்களுக்கு உடனே பெயர் வைத்துவிட்டாள். ஓயாமல் பேசுகிறவன் தாடிக்காரன். அவன் பத்து வார்த்தை பேசினால் ஒரு வார்த்தை பேசுகிறவன் மீசைக்காரன். ரயிலை நிறுத்திக் கொள்ளையடிக்கிற காட்சியில் பெட்டி திறக்க மாட்டேன் என்கிறது. சுற்றிலும் ஆட்கள் துப்பாக்கியோடு ஓடிவருகிறார்கள். இவர்கள் இரண்டு பேரும் சாவியை யார் தொலைத்தது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அம்மணி சிரித்த சிரிப்பில் மெஷின் அலாரம் அடித்தது. ராதிகா சிஸ்டர் ஓடிவந்து கையை ஆட்டாதீங்க என்று அதட்டிவிட்டு, தானும் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

திருட்டுப் பசங்களை ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று அம்மணி ஒருநாள் கேட்டாள். கமலக்கண்ணன் கொஞ்சம் யோசித்தார்.

"நல்லவங்கன்னு சொல்ல வரலம்மா. தொரத்திகினு சாவு வருது. அப்பகூட ஒருத்தன ஒருத்தன் எப்டி சிரிக்க வெக்கறதுன்னுதான் பாக்கறானுங்க. அது எனக்குப் புடிக்குது."

அம்மணி தலையை மட்டும் ஆட்டினாள்.

பாலைவனத்தில் ஒரே குடுவைத் தண்ணீரை இருவரும் பங்கிடுகிற காட்சியை அவள் நான்கு முறை போடச் சொன்னாள். மீசைக்காரன் உதட்டை நனைத்துக்கொண்டு குடுவையை நீட்டுவான். தாடிக்காரனும் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு மூடிவிடுவான். நாள் முழுக்க இரண்டு டம்ளர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று டாக்டர் கட்டுப்படுத்தியிருந்த இரண்டு பேருக்கும் அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நம்பள மாதிரியே அளந்து குடிக்கறானுங்க என்றாள் அம்மணி.

ஆனால் குதிரைக் காட்சியில் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரு குதிரை கால் ஒடிந்து விழுந்துவிடுகிறது. மிச்சம் ஒன்றுதான். நீ ஏறிப் போ என்கிறான் தாடிக்காரன். மீசைக்காரன் பதில் பேசாமல் இறங்கி, அந்தக் குதிரையையும் தட்டி விரட்டிவிட்டு அவனோடு நடக்க ஆரம்பிக்கிறான். முப்பத்தைந்து வருடமாகக் கமலக்கண்ணனுக்கு மிகவும் பிடித்த இடம் அது. சொல்லி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அம்மணியோ முகத்தைச் சுளித்தாள். இருந்த ஒரு குதிரையை விரட்டியதில் யாருக்கு என்ன நல்லது, ஒருத்தனாவது தப்பித்துப் போயிருக்கலாமே என்றாள். நட்பு என்றால் அப்படித்தான் என்று அவர் வாதாடினார். குதிரை இருக்கும்போது ஏறிக்கொள்வதுதான் புத்தி என்று அவள் விடவில்லை. அடுத்த இரண்டு நாட்களும் படம் நகரவில்லை. வழக்குதான் ஓடியது.

அந்த வாரம் டயாலிசிஸ் முடிந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபோது அம்மணி மயங்கி விழுந்தாள். அதைக் கேள்விப்பட்ட டாக்டர், வந்தவாசியில் ஒரு இடம் காலியாகியிருப்பதாகவும், அது அவள் ஊருக்குப் பக்கம் என்பதால் அங்கே மாற்றிவிடுவதாகவும் சொன்னார். அம்மணி வேண்டாம் என்றுவிட்டாள். இங்கேயே பழகிவிட்டது, புது இடம் பேஜார் என்று ராதிகா சிஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். படம் முடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

கமலக்கண்ணனுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு அவள் கால்களைப் பார்த்தார். பஸ்ஸில் நின்று வந்ததில் வீங்கியிருந்தன.

"குதிர இருந்தா ஏறிக்கணும்னு நீங்கதான சொன்னீங்க?" என்றார். "ஏறிக்கோங்கம்மா."

அம்மணி தன் கால்களைப் பார்த்துக்கொண்டாள். பிறகு, கடைசி அரை மணி நேரத்தைத் தான் இல்லாமல் பார்க்கக் கூடாது என்று மட்டும் சொன்னாள். அவர் ஒப்புக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பக்கத்துப் படுக்கைக்கு வேறொருவர் வந்தார். வந்ததும் தூங்கிவிட்டார். கமலக்கண்ணன் போனை எடுத்து, படம் நின்றிருந்த இடத்தைப் பார்த்துவிட்டு மூடிவைத்தார். எத்தனையோ முறை பார்த்த முடிவுதான். இருந்தும் ஏழு வாரம் அதைத் தொடவில்லை. வேறு எதுவும் பார்க்கவும் தோன்றவில்லை.

எட்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை, சொல்லிக்கொள்ளாமல் அம்மணி அவர் வீட்டுக்கு வந்து நின்றாள். கூடவே கணவர் அய்யனார். கைப்பையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. அதை எடுக்கும்போதுதான், கிட்னி போன நமக்கு இது ஆகாதே என்று ஞாபகம் வந்து, இது அண்ணிக்கு என்று சமாளித்து, கமலக்கண்ணனின் மனைவி ஜெயத்திடம் கொடுத்தாள். ஜெயம், வந்தவாசியில் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஒரே பஸ், அரை மணியில் வீடு, கால் வீக்கம் வற்றிவிட்டது என்றாள் அம்மணி. வந்த வேலையைப் பார்க்கலாமே என்பதுபோல் டிவியைப் பார்த்தாள்.

பெரிய திரையில், மெஷின் சத்தம் இல்லாமல், நான்கு பேரும் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆற்றங்கரையில் தாடிக்காரன் பிடிபடுகிறான். மீசைக்காரன் படகில் தப்பி அக்கரை சேர்ந்துவிடுகிறான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. கரையேறி நின்று திரும்பிப் பார்க்கிறான். பிறகு படகைத் திருப்பி இந்தக் கரைக்கே துடுப்புப் போடுகிறான். கடைசியில் விலங்கு மாட்டிய இரண்டு பேரும் கைதி வண்டியில் உட்கார்ந்து, தப்பு யாருடையது என்று சண்டை போட்டுக்கொண்டு போகிறார்கள். கமலக்கண்ணன் கடைசி வசனத்தை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. அம்மணியும் கேட்கவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதையும் தப்பு என்பாள் என்று அவர் எதிர்பார்த்தார்.

"இது தப்பில்லண்ணா," என்றாள் அவள். "குதிரைய வெரட்டனது தப்புதான். அப்ப பொழைக்கறதத்தான் பாத்திருக்கணும். இப்ப பொழச்சிட்டான் பாருங்க, பொழச்சப்புறந்தான் தெரிஞ்சிருக்கு, பேசறதுக்கு ஆளில்லன்னு."

 முப்பத்தைந்து வருடத்தில் அந்த முடிவைக் கமலக்கண்ணன் அப்படி யோசித்ததே இல்லை.

அதுவரை வாயைத் திறக்காத அய்யனார், இந்த இரண்டு பேரும் யார், எதைத் திருடினார்கள் என்று கேட்டார். அம்மணி எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"மொதல்ல இருந்து போடுங்கண்ணா. இவருக்கு நான் சொல்றேன்."

ஜெயம் மதியச் சமையலுக்கு இன்னும் இரண்டு பேருக்கும் சேர்த்து அரிசி களைந்தாள்.