கழுநீர்த் தொட்டியில் ஆறு கெளுத்தி

என் வீட்டுக்காரர் தாமோதரன் தென்னை மரத்தில் காய் எண்ணிவிட்டுத்தான் பல் விளக்குவார். ஒன்று குறைந்தால் பக்கத்து நிலத்துக்காரன் பறித்துவிட்டான். ஒன்று கூடினால், முந்தின நாள் எண்ணும்போது நான் பேச்சுக் கொடுத்துக் குழப்பிவிட்டேன். பால்காரி அம்முலு பாலை ஊற்றிவிட்டு நகர முடியாது. ஆழாக்கை வாங்கி அடியைத் தட்டிப் பார்ப்பார், உள்பக்கம் நசுக்கி வைத்திருக்கிறாளா என்று.

பம்புசெட்டு மேட்டில் வழுக்கி விழுந்து வலது கால் முறிந்த பிறகு இது முற்றிப் போனது. உழவு மாட்டை விற்றோம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம். நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்குச் சந்தேகப்பட நேரம் எவ்வளவு கிடைக்கும்! பார்க்க வந்தவர்களை எல்லாம் "இவன் எதுக்கு வந்துட்டுப் போறான்?" என்று காது கேட்கவே சொல்லுவார். எங்கள் ஊர் திருப்புலிவனத்தில் ஒரு ஆள்கூட எங்கள் வாசற்படி ஏறுவதில்லை என்று ஆயிற்று.

காதர் மட்டும் வந்தார். உத்திரமேரூர் பஜாரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். இவரும் அவரும் எட்டாவது வரை ஒரே பெஞ்சு. கால் முறிந்த அன்று காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, பதினோரு நாள் கட்டிலுக்குக் கீழே படுத்துக் கிடந்த மனுஷன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் சைக்கிள் மணி கேட்டால் இவர் முகமே மாறிவிடும். காதர் எதிரில் இவர் எதையும் எண்ண மாட்டார். அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். அதுவும் இல்லாமல் போனால் இவர் என்ன ஆவார், நான் என்ன ஆவேன் என்று நினைக்கவே பயமாக இருக்கும்.

மீன் யோசனை காதருடையதுதான். மெட்ராஸில் மூர் மார்க்கெட் எரிவதற்கு முந்தின வருஷம் அது. அங்கே அவர் மச்சான் கண்ணாடித் தொட்டி மீன் விற்றுக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து வாங்கி வந்து காதர் தன் வீட்டில் சீமைக் கெளுத்தி வளர்த்தார். கட்டைவிரல் நீளம், ரெண்டு பக்கமும் மீசை, எந்நேரமும் அடிமணலைக் கிளறிக்கொண்டே திரியும் மீன். முட்டையை எடுத்துத் தனியாகப் பொரிக்க வைத்து, குஞ்சை ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வளர்த்துவிட்டால் மச்சானே எடுத்துக்கொள்வார்.

"உக்காந்த எடத்துல செய்ற வேலைப்பா. உன் கண்ணுக்கு ஏத்தது. தெனம் நூறு வாட்டி எண்ணிக்கினு இரு, மீன் கோச்சிக்காது" என்றார் காதர்.

ஆடி மாதத்தில் ஒருநாள் இவரை ரிக்‌ஷாவில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், "உனக்குப் புடிச்சத நீயே பொறுக்கிக்கோ" என்று விட்டுவிட்டார். இருட்டுகிற சமயத்தில் இவர் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையைப் பிடித்தபடி திரும்பி வந்தார். முகத்தில் அப்படி ஒரு களை.

"ஆறு. ஆறும் நான் பொறுக்கினது. வெத மல்லாக்கொட்ட பொறுக்கற மாரி, நல்லா குண்டு குண்டா பாத்து எடுத்தேன். அவன் ஒல்லியா ரெண்ட தள்ளி வுடப் பாத்தாம்மே. எங்கிட்டயா நடக்கும்? வேணவே வேணான்ட்டேன். சிரிக்கிறான்."

கால் வலிக்கிறது என்று படுத்துவிட்டார். மீனைத் தொட்டியில் விடும் வேலை எனக்கு. மாடு போனபின் சும்மா கிடந்த கழுநீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மணலும் ஓட்டுச்சில்லும் போட்டு வைத்திருந்தோம். அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்துப் பையை அவிழ்த்தேன். எண்ணினேன், இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றியிருந்தது. எட்டு. ஆறு குண்டு, ரெண்டு ஒல்லி.

எனக்குச் சுருக்கென்றது. காதர் அண்ணனா இப்படி? வேண்டாம் என்று சொன்ன பிறகும், பையைக் கட்டும்போது நோஞ்சானை உள்ளே திணித்து எங்கள் தலையில் கட்டிவிட்டாரே! சீக்கு மீனாக இருந்தால் மற்றதுக்கும் ஒட்டிக்கொள்ளுமே! அவர் மேல் கோபம் வந்தது. அதைவிடப் பயம் வந்தது. விடிந்ததும் இவர் எண்ணுவார். எட்டைப் பார்த்தால் போதும். நாற்பது வருஷ சிநேகிதம் காலி. ஞாயிற்றுக்கிழமையும் காலி.

டீ வடிகட்டியால் அந்த ரெண்டை மட்டும் அள்ளிக்கொண்டு போய்க் கொல்லைக் கிணற்றில் விட்டேன். காலையில் இவர் குச்சியால் ஓட்டுச்சில்லை நகர்த்தி எண்ணிப் பார்த்து, "ஆறு, சரியா கீது" என்றார். ஒரு வீட்டைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் நான் அடுப்பு மூட்டினேன்.

ஐப்பசியில் முதல் மழை பெய்து தொட்டித் தண்ணீர் சில்லிட்டதும் மீன்கள் முட்டை போட்டன. தொட்டிச் சுவரில் ஜவ்வரிசி ஒட்டி வைத்த மாதிரி. "ஆதிலட்சுமி, ஓடியா!" என்று இவர் கத்திய கத்தலில் நான் பாம்பு என்று நினைத்து உலக்கையோடு ஓடினேன். காதர் சொல்லித் தந்தபடி விரல் நுனியால் முட்டைகளை உருட்டி எடுத்து, பூஞ்சை பிடிக்காமலிருக்க நீல மருந்து சொட்டிய தாம்பாளத் தண்ணீரில் இட்டார். தண்ணீருக்குக் காற்றுக் கொடுக்கக் காதர் ஒரு சைக்கிள் ட்யூபில் காற்றடித்து வைத்திருந்தார். அதன் வாயில் மெல்லிய குழாய் செருகி கிளிப் போட்டால் நாள் முழுக்கக் குமிழி விடும். மூன்றாம் நாள் முட்டைக்குள் கறுப்பாகக் கண் தெரிய வேண்டும். இவர் பூதக்கண்ணாடியும் கையுமாக அங்கேயே சாப்பிட்டார்.

கண் தெரியவில்லை. முட்டைகள் வெளுத்துப் பஞ்சு பூத்தன.

"மொத ஈடு அப்டித்தான் பூடும்" என்றார் காதர். ரெண்டாவது ஈடும் வெளுத்தது. மருந்து பழசு என்று இவர் சொன்னார். காதர் புதுசு வாங்கி வந்தார். மூன்றாவதும் வெளுத்தது. தொட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தொங்குகிற ட்யூபையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். வரப்பைப் பார்க்கும் பார்வை, ஆழாக்கைப் பார்க்கும் பார்வை.

ஒரு மத்தியானம் அம்முலுவின் கோழி கொக்கரித்துக்கொண்டு ஓடியது. இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சேவல் இல்லாத பொட்டக் கோழி முட்ட வுட்டா, அது பொரிக்குமா?"

"எப்டிப் பொரிக்கும்?"

"அதான். அத்தினியும் பொட்டையா குடுத்துட்டான். குஞ்சு எடுத்து நானும் விக்க ஆரமிச்சா அவன் யாவாரம் படுத்துடும்ல? அதான் பொறுக்கிக்கோ பொறுக்கிக்கோன்னு எதிர்ல பொட்டையா வுட்டு வெச்சிருந்தான்."

ஆறும் பொட்டை என்றால், அந்த ரெண்டு ஒல்லி?

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். எழுந்து போய்க் கோழியை விரட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மணி கேட்டது. காதர் சைக்கிளை நிறுத்தக்கூட இவர் விடவில்லை. "நெஞ்சத் தொட்டு சொல்லு. பொட்டையா பாத்துதான குடுத்த?"

காதர் சிரித்துக்கொண்டே தொட்டியருகே போனார். "இன்னாப்பா உளர்ற? கடாவும் கீது பாரு, நானே…" என்று ஓட்டுச்சில்லுகளை ஒவ்வொன்றாகத் தூக்கினார். ஒரு தடவை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கும்.

சிரிப்பு போய்விட்டது. கையைத் துண்டில் துடைத்தார்.

"ஆமாம்பா. எல்லாம் பொட்டதான். தப்பு என்னுதுதான்" என்றார்.

"பாத்தியா! வந்துச்சி பாரு வாயில!" இவர் தொடையைத் தட்டினார். காதர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ட்யூப் காற்றிழந்து ஆணியில் துவண்டு தொங்கியது. திட்டிக்கொண்டே இருந்தாலும், சாயங்காலமானால் இவர் கண் தெருப்பக்கமே போகும்.

நான் பஸ் ஏறி சைக்கிள் கடைக்குப் போனேன். கடை எதிரில் நின்றதும் அழுகை வந்துவிட்டது.

"கெணத்துல வுட்டுட்டேன் அண்ணே. நோஞ்சான்னு நெனச்சேன். அவர் பாத்தா உங்ககூட சண்ட வந்துடும்னு வுட்டேன்."

"அதுல ஒல்லிதான், தங்கச்சி, ஆம்பள. இவன் குண்டா கீறதையே பொறுக்கனான். சொன்னா கேக்கற ஆளா? அதான் தெரியாம ரெண்ட சேத்துப் போட்டேன். எட்டுன்னு எண்ணிக் கேட்டா சொல்லி சிரிக்கலாம்னு இருந்தேன். கேக்கல, சரி குஞ்சு பொரிச்சப்புறம் சொல்லிக்கலாம்னு வுட்டுட்டேன்."

"இன்னிக்கே அவர்கிட்ட சொல்லிடறேன்."

"வாணாம்." கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "சந்தேகம் எம்மேல இருந்தா அது ரெண்டு மைல் தள்ளி கீது. உம்மேல வந்தா வூட்டுக்குள்ளயே படுத்துக்கும். வுட்டுடு."

நான் விடவில்லை. ஒன்றும் செய்யாத மனுஷன் தலையில் என் தப்பு உட்கார்ந்திருக்க எனக்குச் சோறு இறங்குமா? அன்று சாயங்காலமே இவர் எதிரில் உட்கார்ந்து, எட்டு, ரெண்டு ஒல்லி, வடிகட்டி, கிணறு, ஒன்றுவிடாமல் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். கத்துவார் என்று நினைத்தேன்.

அவர் சிரித்தார். "எட்டா? நான் எண்ணி வாங்கினது ஆறு. அவனே ஒத்துக்கினான். நீ இன்னா அவனுக்கு வக்காலத்து?" சிரிப்பு நின்றது. "இன்னிக்கு பஸ் ஏறி எங்க போன?"

ஒரு பால் ஆழாக்கைக்கூடத் தட்டிப் பார்க்காமல் வாங்காத மனுஷன், காதர் எனக்காகச் சொன்ன அந்த ஒரு பொய்யை மட்டும் தட்டிப் பார்க்கவே இல்லை.

இப்போதெல்லாம் காலையில் தண்ணீர் சேந்தினால் முதல் வாளியைக் கவிழ்ப்பதற்கு முன் உற்றுப் பார்க்கிறேன். ஒன்று கிடைத்தால் போதும், உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போய் இவர் கண்முன்னே நீட்டுவேன். வாளியில் பாசியும் இலையும்தான் வருகிறது. குனிந்து கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

முந்தாநாள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "தெனம் கெணத்தாண்ட அவ்ளோ நேரம் யாரப் பாக்கற?"

"மீனைத்தான்" என்றேன்.

அவர் தடியை ஊன்றிக்கொண்டு மெல்ல எழுந்து வந்தார். கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், பாதையில் யார் போகிறார்கள் என்று பார்த்தார்.