சிரிப்பில்லாத ஒரு பக்கம்

பர்பேங்க் ஸ்டூடியோவில் படப்பிடிப்பை நேரில் பார்க்கப் பார்வையாளர்கள் இருநூறு பேர் வந்து உட்கார்ந்தாயிற்று. ஒரு பணக்காரக் குடும்பம் ஓயாமல் அடித்துக்கொள்ளும் அந்த நகைச்சுவைத் தொடருக்கு டெலியா எழுதிய முதல் அத்தியாயம் இன்றுதான் படமாகிறது. அதில் ஒரு பக்கம் முழுக்கத் தேடினாலும் சிரிப்பு கிடையாது. நாலு வருஷமாக யாருக்கும் தலைவணங்காத கோடீஸ்வரத் தாய், மகனிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.

"பணக்காரங்க மூக்கைச் சிந்துறதைப் பார்க்கவா ஜனங்க வந்திருக்காங்க?" என்றார் தலைமை எழுத்தாளர் மார்ட்டி. அவர் கையில் மாற்றுத் தாள் ஒன்று தயாராக இருந்தது. அதில் தாய் மன்னிப்புக் கேட்கமாட்டாள். ஒரு படகை வாங்கிக் கொடுத்து மகன் வாயை அடைத்துவிடுவாள். "முதல்ல உன்னோடதை எடுப்போம். எடுபடலைன்னா இதுதான். கோவிச்சுக்காத."

"கோவிச்சுக்கிட்டா மட்டும் விட்டுருவீங்களாக்கும்!"

"மாட்டேன்."

டெலியா தன் அம்மா சொல்லுவாள் என்று முப்பது வருஷம் காத்திருந்து, கேட்கக் கிடைக்காத வரிகள் அவை. படகுக்காக அவற்றை விடுவதா?

தாயாக நடிக்கும் வினிஃப்ரெட் பழம் தின்று கொட்டை போட்டவர். வசனம் சொன்னதும் சிரிப்பு அடங்கும்வரை நிறுத்துவது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி.

காட்சி தொடங்கியது. "தப்பு என்மேலதான்டா" என்றார் மகனிடம். பழக்கதோஷம், நிறுத்தினார்.

யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதியில் அவருக்கு அடுத்த வரியே மறந்துபோனது. மகனாக நடித்தவன் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். இருவர் கண்ணிலும் நீர் கட்டியது. தொலைந்தோம் என்று டெலியா கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் வரிசையில் ஒரு தடித்த மனிதர் சங்கு ஊதுகிற மாதிரி மூக்கைச் சிந்தினார். பக்கத்தில் ஒருத்தி சிரித்தாள். பிறகு அரங்கமே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. வினிஃப்ரெட்டுக்கு வரி ஞாபகம் வந்தது. மிச்சத்தையும் சொல்லி முடித்தார். கைத்தட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

மார்ட்டி மெல்ல டெலியா பக்கம் திரும்பினார். "அது உங்கம்மாதானே?"

அவள் தலையசைத்தாள்.

"நம்ம தொடரைப் பார்ப்பாங்களா?"

"ஒரு வாரம்கூட விடமாட்டாங்க."

"அப்ப ஒரு வரிகூட வெட்டவேண்டாம்" என்றார் மார்ட்டி. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்த காட்சிக்கு விளக்கைப் போடச் சொல்லிக் கத்தினார்.