தோரண வாயிலின் கழிகள்

திருவாதவூர்ச் சாலையிலுள்ள நூற்பாலையின் பின்புறத்தில், 'வனவிலங்கு வாழிடம்: ஆலை நிர்வாகத்தின் பாதுகாப்பில்' என்று ஒரு பச்சைப் பலகை நின்றது. திங்கட்கிழமை காலை அதைக் கண்ட ராதாமணிக்கு அதைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. சனிக்கிழமை மாலை வரை கிளையோடு கிளை பின்னிக் கிடந்த வேலமரங்கள், இப்போது முடிவெட்டிக்கொண்டு வந்த பிள்ளைகளைப் போல வரிசையாகத் தனித்தனியே நின்றன. கொடிகளெல்லாம் அறுந்து கிடந்தன. போதாக்குறைக்கு, அடிமரங்களில் சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாகப் பூசப்பட்டிருந்தன.

அவள் அவ்வாலையின் சுற்றுச்சூழல் அலுவலர். அக்காட்டில் வாழும் தேவாங்கு தாவாது, ஒரு கிளையை விடுமுன் மறுகிளையைப் பற்றியே நகரும் என்பதை மேலாளர் பாண்டியராஜனுக்குப் படம் காட்டி விளக்கியவள்.

நடுவில் ஒரே ஒரு புதர் மட்டும் எஞ்சியிருந்தது. அதனுள்ளே குட்டியை வயிற்றோடு அணைத்தபடி ஒரு தேவாங்கு பந்தாகச் சுருண்டு உறங்கியது. இருட்டியதும் அது இரைதேடப் புறப்பட வேண்டும். தரையில் இறங்கினால் ஆலையைச் சுற்றும் நாய்கள் விட்டுவைக்கமாட்டா.

"பேயாண்டியண்ணே, யாரைக் கேட்டு வெட்டுனீங்க?"

ஒப்பந்தக்காரர் பேயாண்டி அரிவாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "மேனேஜர் சார் சொன்னதும்மா. மொதலாளி வாராராம்ல. காடு, காடு மாதிரி கெடக்குன்னு வஞ்சாரு."

அதற்குள் பாண்டியராஜனே வந்துவிட்டார். "மேடம், அந்தப் புதரையும் எடுத்துட்டா வாசல்லேர்ந்தே பளிச்சுன்னு தெரியும். உள்ள இருக்குற குரங்கை ஒரு கூண்டுல வச்சிருங்க. மொதலாளி பார்க்கட்டும்."

"அது குரங்கு இல்ல சார், தேவாங்கு. அதைக் கூண்டுல வச்சா உங்களைத்தான் உள்ள வைப்பாங்க."

"உங்க சட்டத்தையெல்லாம் அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு, முதலாளிக்கான பூமாலை வந்ததா எனப் பார்க்க அவர் ஓடினார்.

ராதாமணியின் பார்வை, காட்டின் நுழைவில் முதலாளிக்காகக் கட்டப்பட்டிருந்த தோரண வாயிலின் மேல் விழுந்தது. நீண்ட சவுக்குக் கழிகள், புதுக் கயிறு.

"அண்ணே, அதைப் பிரிங்க."

"எம்மா! மொதலாளிக்குக் கட்டுனதும்மா!"

"அவருக்கு நடக்கத் தார் ரோடு இருக்கு. தேவாங்குக்கு நடக்க என்ன மிச்சம் வச்சீங்க?"

பேயாண்டி புதரைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். பிறகு ஆட்களை அதட்டினார். "டேய், என்னடா பராக்குப் பார்க்குறீங்க? அவுருங்கடா கயித்த!"

மரத்திலிருந்து மரத்துக்குக் கழி கட்டப்பட்டது. புதரில் தொடங்கிய அப்பாலம், மதிலோரத்தில் அரிவாள் படாதிருந்த உடைமரக் கூட்டத்தை எட்டும் வேளையில் கார் வந்து நின்றது. வாயிலிலிருந்து அவிழ்த்த, முதலாளியின் முகம் அச்சிட்ட பதாகை தரையில் கிடந்தது. மாலையோடு ஓடிவந்த பாண்டியராஜனுக்கு முகம் வெளிறியது.

"என்னய்யா இது, கழி கழியா?" என்றார் முதலாளி.

"தேவாங்கு நடந்து போறதுக்குப் பாலம் சார்" என்றாள் ராதாமணி.

"பாலமா! யாரோட யோசனை?"

அவள் வாய் திறக்குமுன் பாண்டியராஜன் முந்திக்கொண்டார். "நம்ம ஏற்பாடுதான் சார்."

தமக்குப் போர்த்தவென வாங்கிவைத்திருந்த பொன்னாடையை முதலாளி எடுத்துப் பாண்டியராஜனுக்கே போர்த்தினார். எல்லாரும் கைதட்டினார்கள். ராதாமணிக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை எரிந்தது. ஆயினும் அவள் கேட்க நினைத்தது பொன்னாடையை அன்று.

"சார், கிளையெல்லாம் தழைச்சு ஒண்ணு சேர்ற வரைக்கும் இங்க ஒருத்தரும் அரிவாளோட நுழையக்கூடாதுன்னும் மேனேஜர் சார் முடிவு பண்ணியிருக்காரு. ஒப்பந்தக்காரர்கிட்ட இப்பவே சொல்லிருவாரு."

எல்லாக் கண்களும் பாண்டியராஜன் பக்கம் திரும்பின. அவர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"உரக்கச் சொல்லுங்க சார். அண்ணனுக்குக் காது மந்தம்."

"இனிமே ஒரு கிளையையும் வெட்டக்கூடாது!" என்று அவர் கத்தினார்.

காதில் ஒரு குறையும் இல்லாத பேயாண்டி, கையைக் காதருகே குவித்தார். "எத்த, சார்?"

அவர் மறுபடியும் கத்தினார். புதரில் அசைவில்லை, தேவாங்கு உறங்கிக்கொண்டுதான் இருந்தது. ராதாமணியின் சினம் மட்டும் தணியவில்லை. மரங்களுக்குப் பூசியதுபோக எஞ்சியிருந்த சுண்ணாம்பு வாளியைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு அவள் காட்டைவிட்டு வெளியே நடந்தாள்.