ரூவெலுக்கு ஒரு கையெழுத்து

ஐந்நூறு கையெழுத்து வேண்டும். பிரான்சில் ஜனாதிபதித் தேர்தலில் நிற்க நினைக்கிற எவரும் முதலில் எங்களைப் போன்ற மேயர்களிடம் கையேந்தியாக வேண்டும். காஸ்பார் ரூவெலுக்கு இன்னும் கொஞ்சம் குறைந்தது. அதனால்தான் அந்தப் பெரிய மனிதர் நூறு பேர்கூட இல்லாத எங்கள் வெர்நோலுக்குப் பனியில் மலையேறி வந்தார்.

நான் இங்கே மேயர். மாடு வளர்ப்பவரின் மகள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

ரூவெல் சுகாதார அமைச்சராக இருந்தபோது, எங்களுக்கு அருகிலிருந்த ப்ரியூ நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியை மூடமாட்டேன் என்று கேமரா முன்னால் சொன்னார். அடுத்த கோடைக்குள் மூடினார். அந்தக் குளிர்காலம் என் அக்கா மாரியேத், தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், காரின் பின்சீட்டிலேயே பெற்றாள். குழந்தை பிழைக்கவில்லை. ரூவெல் பிழைத்தார். பிரஸ்ஸல்ஸுக்கு ஐரோப்பிய ஆணையராகப் போய், மலைப்பகுதி மக்களின் நலனைப் பற்றி ஐந்து வருடம் பேசினார். அதை ஐரோப்பிய மொழிகள் அத்தனையிலும் மொழிபெயர்த்தார்கள்.

அவருடைய செயலாளர் போன் செய்தபோது, தாராளமாக வரட்டும் என்றேன். முந்தைய நாளே வேறொருவருக்குக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்திருந்தேன். அந்த ஆள் ஒரு வாய்ச்சவடால் பேர்வழி, தேறமாட்டார். ஆனால் ஒரு மேயருக்கு ஒரு கையெழுத்துதான். அனுப்பினால் திரும்ப வாங்க முடியாது.

துணை மேயர் ஃபெர்னானுக்கு மட்டும் இது தெரியும். "போன்லயே சொல்லிரலாமேம்மா," என்றார்.

"அந்த மலை ரோட்டு வளைவுல எல்லாம் அவரும் ஒரு தடவ வயித்தப் புடிச்சுக்கிட்டு வரட்டும்."

வெளுத்த முகத்தோடுதான் வந்து சேர்ந்தார். மேயர் அலுவலகத்திலேயே சாப்பாடு போட்டோம். எங்கள் பாலாடைக்கட்டியைப் புகழ்ந்தார். ஃபெர்னானிடம் மாடுகளை விசாரித்தார்.

"மாடு கன்னு போட்டா மட்டும் இப்பவும் டாக்டர் வீட்டுக்கே வர்றாரு சார்," என்றார் ஃபெர்னான்.

நான் மாரியேத்தைப் பற்றிச் சொன்னேன். ரூவெல் முள்கரண்டியைக் கீழே வைத்தார். அந்த முடிவு தன்னுடையதுதான், அதிகாரிகள் மேல் பழி போடமாட்டேன் என்றார். கண்கூடக் கலங்கியது.

"தினமும் உறுத்துது மேயரம்மா."

"எந்த ஊரு ஆஸ்பத்திரி சார் அது?"

யோசித்தார். பிறகு ஒரு பெயரைச் சொன்னார். அது பக்கத்து மாவட்டத்து ஊர். அங்கேயும் அவர்தான் மூடியிருக்கிறார்.

கையெழுத்து யாருக்குப் போயிருக்கிறது என்று சொன்னேன். "அவனுக்கா?" என்றார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

எங்கள் ஊரில் கைபேசிக்கு சிக்னல் கிடையாது. மேயர் அலுவலகப் போனைக் கேட்டார், கொடுத்தேன். அன்று மாலை டிவியில் தன் எண்ணிக்கையை அறிவிக்க வேண்டுமாம். எங்கள் இரண்டு பேர் முன்னாலும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, குரல் கொஞ்சமும் பிசகாமல் தன் ஆளிடம் சொன்னார்:

"ஆமா, வெர்நோலும் சரின்னுட்டாங்க. சேத்துக்கோ."

ஃபெர்னான் வாயைத் திறந்தார். நான் அவர் கையை அழுத்தினேன். ரூவெல் எனக்கு நன்றி சொல்லிக் கைகுலுக்கினார். நானும் குலுக்கினேன்.

கார் முதல் வளைவில் மறைந்ததும் அந்த டிவிக்காரர்களை அழைத்தேன். என் பெயரையும் பதவியையும் சொல்லி, மாலை அவர் பேசும் நேரலையில் என்னையும் சேர்க்க முடியுமா என்று கேட்டேன்.